நிற்க வைத்த பலகைகள்

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூட விடுமுறை. கண்ணைத் தவிர மற்றதையெல்லாம் பழைய சேலைத் துணியால் சுற்றிக்கொண்டு, அம்மாவோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் ஓர் இருட்டு அறையின் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கு மேலே பலகைத் தளம். அதன் மேல் ஆறு ஆண்கள் ஆறு கம்புகளால் பருத்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டு வீட்டில் கல்மழை பெய்கிற மாதிரி சத்தம். பலகை இடுக்குகள் வழியாக மண்ணும் இலைத்தூளும் செத்த பூச்சியும் பருத்திக்கொட்டையும் எங்கள் மேல் கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

கதவு சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் வெளியே.

அம்மா இரும ஆரம்பிக்கிறாள். அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. மூலையில் சாத்தி வைத்திருந்த பருத்தி மாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியின் குச்சியை, எடுத்துக்கொண்டு எழுகிறாள். பலகை இடுக்கில் அதை நுழைத்து இரண்டு முறை ஆட்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் நிற்கிறது. யாரோ படியிறங்கி வந்து தாழ்ப்பாளை நீக்குகிறார்கள். வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன.

"பாத்தியா கண்ணு," என்று மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா சொல்கிறாள். "நான் மாரை நீட்டுனா உங்கய்யன் நிறுத்திப்போடுவாரு."

மேலே தட்டிக்கொண்டிருந்த ஆறு பேரில் ஒருவர் என் அப்பா மாரப்பன்; அய்யன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தட்டத் தட்ட எங்கள் தலையில்தான் விழும். அதில் வித்தியாசமாக ஏதாவது இருப்பதாக அப்போது யாரும் நினைக்கவில்லை.

பண்ணாடி வீட்டுப் பருத்தி மெத்தை

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். நிலம் வைத்திருந்தவரை எங்கள் தெரு ஆட்கள் பண்ணாடி என்று கூப்பிடுவோம். அவர் தோட்டத்தில் பறித்த பருத்தியைக் காயவைத்து, தட்டிச் சுத்தம் செய்து, பிறகுதான் மில்லுக்கு அனுப்புவார். அதற்காகவே கட்டியது அந்த மாடிக் கட்டடம். பருத்தி மெத்தை என்று பேர்; மாடியை எங்கள் பக்கம் மெத்தை என்போம்.

அரசாங்கக் கட்டடப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் பொறியாளராகக் குப்பை கொட்டியவள் நான். எத்தனையோ பழைய மரத்தளங்களைப் பார்த்தாயிற்று. மரச் சட்டங்களை வைத்து, அவற்றின் மேல் பலகைகளைப் படுக்கப்போட்டு, நெருக்கி ஆணியடிப்பார்கள். எங்கே போனாலும் இதுதான்.

அந்தக் கட்டடத்தில் பலகைகளைப் படுக்க வைக்கவில்லை, நிற்க வைத்திருந்தார்கள். வேங்கை மரம். ஒவ்வொரு பலகையும் ஒரு சாண் உயரம். மேல் விளிம்பு தடிமன், கீழ் விளிம்பு மெலிசு. அதனால் இரண்டு பலகைகளுக்கு நடுவே மேல்பக்கம் சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி இருக்கும். கீழ்ப்பக்கம் அதுவே மூன்று விரல் அகலம் ஆகிவிடும். ஓர் ஆணி கிடையாது. சட்டத்தில் பள்ளமாக வெட்டிய காடிகளில் பலகைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேலே தட்டுகிற தூசி இடுக்குக்குள் நுழைந்துவிட்டால் நடுவில் எங்கும் அடைக்காது, நேராகக் கீழே வந்துவிடும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரத்தனமான வேலை. அதை நான் மறுக்கவில்லை.

தூசியோடு பஞ்சுத் துணுக்குகளும் விழும். அவற்றைப் பொறுக்கத்தான் கீழே பெண்கள். கதவைத் திறந்து வைத்தால் காற்றில் பஞ்சு பறந்துவிடும் என்று சாத்திவிடுவார்கள். பெண்கள் மேலே வரக் கூடாது. பருத்தி லட்சுமியாம், பெண்கள் மிதிக்கக் கூடாதாம். பறிக்கலாம், சுமக்கலாம், அதன் தூசியைத் தின்னலாம். மிதிக்கத்தான் கூடாது.

தட்டி முடித்துத் தூசி அடங்கிய பிறகு நாங்கள் உள்ளே போய்ப் பொறுக்கியிருக்கலாம். வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அப்படி ஒரு வழி இருப்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றி, வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை. எங்களைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசித்த மாதிரி ஆகியிருக்கும்.

மதுக்கரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டைப் பற்றி இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன்பு எழுதியபோது, வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். "எதை எழுதினாலும் கசப்பாகவே எழுதுகிறீர்களே, நல்லது எதுவும் நடக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். நடந்தது. படித்தேன், வேலைக்குப் போனேன், காரமடையில் வீடு கட்டினேன், அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். அதையெல்லாம் எழுதத்தான் போகிறேன். ஆனால் இந்த வாரம் என்னிடம் இருப்பது இதுதான்.

மூச்சு விடுகிற தளம்

போன வருஷம் ஒரு போன் வந்தது. நவீன் என்று பேர் சொன்னான்.

"மேடம், வணக்கமுங்க. எங்க தாத்தா காலத்துக் கட்டடம் ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. அதக் காபி ஷாப்பா மாத்தீட்டிருக்கறமுங்க. மேல மரத்தளமுங்க. எத்தன பேரு உக்காந்தா தாங்கும்னு நீங்க வந்து பாத்து ஒரு சர்டிபிகேட் குடுக்கோணுமுங்க."

ஊர்ப் பேரைச் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பண்ணாடியின் பேரன். நான் யார் மகள் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

போவதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன். எண்பது தாண்டியவள். மூச்சுக்கு மருந்தைப் புகையாக அடிக்கிற மெஷின் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் ஓடாது. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மேல ஏறுவியா?"

"ஏறாம எப்படிம்மா பாக்கறது."

"கெழக்கு மூலைலதான் நான் உக்காருவேன். உங்கய்யனும் மேல அந்த மூலைலதான் நிப்பாரு. அங்க மாரை நீட்டுனா எத்தன ஒசரம் வெளிய வருதுன்னு பாத்துட்டு வா."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நவீன் நல்ல பையன்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பெங்களூரில் படித்துவிட்டு வந்திருக்கிறான். வாசலுக்கே வந்து குனிந்து கும்பிட்டான். நாங்கள் உட்கார்ந்திருந்த கீழ் அறையில் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் விளக்குகள் தொங்கவிட்டு, மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஜாடி. ஜாடியில் அழகுக்காகக் காய்ந்த பருத்தி மார். சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. 'இந்தத் தளம் மூச்சு விடுகிறது' என்று அதில் எழுதியிருந்தது.

"வெயில் காலத்துலகோட கீழ ஜில்லுன்னு இருக்குமுங்க மேடம்," என்றான். "காத்து போயி வாரதுக்காக எங்க தாத்தா யோசிச்சுச் செஞ்சதுங்க."

"அப்படின்னு யாரு சொன்னாங்க?"

"நாங்களே கண்டுபுடிச்சதுதானுங்க. வேற எதுக்குங்க மேடம் இப்படிச் செய்வாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, மேலே போகலாமா என்று கேட்டேன். படி வெளிப்பக்கம். கல் படி. ஒன்பது வயதில் அதன் கடைசிப் படியில் உட்காரக்கூட விட்டதில்லை. ஏறினேன்.

மூன்று முறை

மேலே போனதைச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நான் பார்த்தது விளங்காது.

முதலில் சொன்ன சம்பவம் நடந்த அதே பருவம். அம்மாவுக்கு ஏழு மாதம். நான் அன்றைக்கும் அவள் பக்கத்தில் இருந்தேன். காயப்போட்டிருந்த பருத்தி மழையில் நனைந்து, மண்ணும் சருகும் ஒட்டி, மறுபடி காய்ந்து வந்திருந்தது. வழக்கத்தைவிடத் தூசி அதிகம். அன்றைக்குப் பண்ணாடி வேறு மேலே வந்து நின்றிருந்தார்.

அம்மா மாரை நீட்டினாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி நீட்டி ஆட்டினாள். நிற்கவில்லை. மூன்றாவது முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டினாள். பிறகு இருமி இருமி, தூசிக் குவியல் மேலேயே சரிந்து விழுந்தாள். நான் போய்க் கதவைக் கையால் குத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

கதவு திறந்தபோது அவள் சேலை நனைந்திருந்தது. அய்யன்தான் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் அழுதார். தம்பி பிழைக்கவில்லை.

திரும்பி வந்த நாளிலிருந்து அம்மா அய்யனோடு பேசவில்லை. இருபத்துநாலு வருஷம். சமைத்தாள், துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடத் தட்டின் விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். அய்யன் எழுந்து வந்து உட்காருவார்.

அவர் கேட்டுப் பார்த்தார். கத்திப் பார்த்தார். காரமடைத் தேருக்குப் போய் வளையல் வாங்கி வந்து வைத்தார். அது பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. "நான் என்ன செஞ்சுபோட்டேன்னு சொல்லிப்போட்டு அப்பறம் பேசாம இரு," என்று ஒரு தடவை அடுப்படியில் நின்று கெஞ்சினார். அம்மா அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அம்மா கட்சி. மூன்று முறை நீட்டியதை என் கண்ணால் பார்த்தவள். பண்ணாடி பக்கத்தில் நிற்கிறார் என்று பெண்டாட்டியைச் சாக விட்ட மனுஷன் என்று அவரை வெறுத்தேன். படிப்பும் வேலையும் அந்த வெறுப்பில்தான் வந்தன என்றுகூடச் சொல்லலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாரைப் பற்றி அம்மாவும் அய்யனும் ஒரு நாளும் வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை. அது நடப்பதற்கு முன்பும் பேசியதில்லை. எங்கள் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் இதையெல்லாம் பேசுவது வெட்கம். பெண்டாட்டிக்காக வேலையில் கையை நிறுத்தினான் என்று தெரிந்தால் மற்ற ஐந்து பேரும் கேலி செய்தே ஊரைவிட்டு விரட்டிவிடுவார்கள். அதனால்தான் அவர் காட்டிக்கொள்ளவில்லை என்று அம்மா எடுத்துக்கொண்டாள். சொல்லாமலே நடக்கிற ஏற்பாடு என்று நம்பினாள்.

அய்யன் சாகக் கிடந்தபோது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அம்மணி, உங்கம்மா எதுக்குப் பேசறதில்லைன்னு உனக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

"தெரியிலியே கண்ணு."

நடிக்கிறார் என்று நினைத்தேன். கையை விடுவித்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். நாலு நாளில் போய்ச் சேர்ந்தார்.

கிழக்கு மூலை

மேலே நல்ல வெளிச்சம். நான் என் வேலையைத்தான் முதலில் செய்தேன். காடிகளைப் பார்த்தேன், சட்டங்களின் நுனியில் கரையான் இருக்கிறதா என்று குத்திப் பார்த்தேன், ஒரு பலகையைக் கழற்றச் சொல்லி அளந்தேன். அப்போதுதான் அது ஒரு சாண் உயரம் என்று எனக்கே தெரிந்தது. கீழேயிருந்து பார்த்தவளுக்கு அடி விளிம்பு மட்டும்தானே தெரியும். பருத்தி பரப்பிவிட்டால் இடுக்கில் வெளிச்சமும் வராது. எவ்வளவு ஆழம் என்று எப்படித் தெரியும்.

டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டேன்.

"நவீன், அந்த ஜாடியில இருக்கற குச்சியில ஒண்ணு எடுத்துட்டுக் கீழ போங்க. கிழக்கு மூலையில இடுக்குல நுழைங்க."

"எதுக்குங்க மேடம்?"

"டெஸ்ட்."

இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது. "உட்டாச்சுங்க மேடம். நல்லா உள்ள போயிருச்சுங்க. தெரியுதுங்களா?"

ஒன்றும் தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் தள்ளுங்க."

"முட்டுதுங்க மேடம்."

இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆழத்தில் என்னவோ அசைந்தது. குச்சியின் கணு குறுகலில் மாட்டி உள்ளேயே நின்றுவிட்டது. வேறு குச்சி எடுக்கச் சொன்னேன், வேறு இடுக்கில் விடச் சொன்னேன். நாலாவது குச்சி, எல்லாவற்றிலும் மெலிசானது, ஒரு நகக்கண் அளவு மேலே எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் கெண்டைக்கால் உயரத்துக்குப் பருத்தி பரப்பி, ஆறு பேர் கம்பால் தட்டுவதை நினைத்துப் பார்த்தேன்.

ஒரு சாண் உள்ளே போவதைக் கீழே நின்று பார்த்தவள், ஒரு சாண் வெளியே வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அய்யன் ஒரு தடவைகூட அந்த மாரைப் பார்த்ததில்லை.

அப்படியானால் மற்ற நாட்களில் நிறுத்தியது? பருத்தியைத் தட்டுகிறவர்கள் மேல்பாகம் சுத்தமானதும் நிறுத்தி, நாங்கள் பொறுக்கியதை எடுக்கக் கதவைத் திறந்துவிட்டு, புரட்டிப்போட்டு மறுபடி தட்டுவார்கள். அம்மாவுக்குத் தாங்க முடியாத அளவு தூசி விழுகிற நேரமும் அவர்கள் புரட்டுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கும். அன்றைக்கு அழுக்குப் பருத்தி, சுத்தமாக நேரம் பிடித்தது, புரட்டுவதும் தள்ளிப்போனது. அவ்வளவுதான் விஷயம்.

கீழே நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியும். அதற்காக அவர்மேல் எனக்கு இப்போதும் கோபம் உண்டு. ஆனால் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. கூப்பிட்டும் கேட்காதவர் என்றுதான் அவரை இருபத்துநாலு வருஷம் தண்டித்தோம். தெரியவில்லையே கண்ணு என்று அவர் சொன்னது நிஜம். நான் டீ வாங்கப் போனேன்.

நவீன் மேலே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னாச்சுங்க மேடம்? தளம் பலமா இருக்குதுங்களா?"

"தளத்துக்கு ஒண்ணும் இல்ல. வேற எதுக்கு இப்படிச் செய்வாங்கன்னு கேட்டீங்கள்ல," என்று ஆரம்பித்து, தளத்தை எதற்காகச் செய்தார்கள், கீழே யார் உட்கார்ந்தார்கள், நான் யார் மகள் என்பதை மட்டும் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"சாரிங்க மேடம். சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

நம்பினேன். தெரியாது என்று ஒருவர் சொன்னால் நம்புவதற்கு எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது.

தளம் உறுதி, மேலே நடந்தால் கீழே தூசி விழும், கீழே ஆட்களை உட்கார வைக்க வேண்டாம் என்று சர்டிபிகேட்டில் எழுதிக் கொடுத்தேன். இப்போது பலகைகளுக்கு அடியில் கண்ணாடித் தகடு அடித்துக் கீழே மேசை போட்டிருக்கிறார்களாம். மூச்சு விடுகிற தளம் என்ற வாசகம் சுவரில் அப்படியே இருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். காபி நன்றாக இருக்கிறதாம்.

தட்டுச் சத்தம்

வீட்டுக்கு வந்தபோது அம்மா மூக்கில் மெஷின் மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கழற்றிவிட்டாள்.

"எத்தன ஒசரம் வந்துச்சு?"

பஸ்ஸில் வரும்போதே யோசித்திருந்தேன். ஒரு சாண் வந்தது என்று சொல்லிவிட்டால் எதுவும் மாறாது. அய்யன் பார்த்தும் நிறுத்தாதவராகவே இருப்பார். அதற்கு முன்பெல்லாம் நிறுத்தியவராகவும் இருப்பார். அம்மா நிம்மதியாகச் சாவாள். அளவை மாற்றி எழுதிப் பழக்கமில்லை, அதனால்தான் அப்படிச் சொல்லவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. அந்த ஆஸ்பத்திரி மத்தியானத்தை என்னால் ஒருத்தியாகச் சுமக்க முடியவில்லை.

"வெளிய வராதும்மா. பலகை ஒரு சாண் ஒசரம். மார் உள்ளயே நின்னுக்கும். அய்யனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அன்னைக்குமா?"

"அன்னைக்கும்தான்."

மெஷின் அவள் மடியில் புகையை விட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"அப்ப முன்னால நிறுத்துனதெல்லாம்?"

"பருத்தியப் பொரட்டறதுக்கும்மா. ஆறு பேருமே நிறுத்துவாங்க."

"எனக்காவ இல்லியா?"

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். தம்பியைப் பறிகொடுத்து வந்த நாளில் அய்யனைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே பார்வைதான்.

"நீ எதுக்கு மேல ஏறுன?" என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசுகிறாள், மருந்துக் கடைக்காரரிடம் பேசுகிறாள். என்னிடம் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் தட்டின் விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு.

இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தபோதும் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன். அய்யனும் இப்படித்தான் இருபத்துநாலு வருஷம் எழுந்து போயிருப்பார். எனக்காவது எதற்கென்று தெரியும்.